கிராமத்து பப்பில் சாப்பிடப் போகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில் ஹேரோம் என்றொரு சின்னக் கிராமம். அங்கே கூரை வேய்ந்த ‘ஸ்டார் இன்’ என்ற பப் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சமையல்காரர் ஆண்ட்ரூ பெர்ன் 1996இல் எடுத்து நடத்தத் தொடங்கினார். பிறகு சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷலின் நட்சத்திரமும் கிடைத்தது. 2021 நவம்பரில் கூரை தீப்பற்றி எரிந்தது. அடுத்த ஆண்டே சீரமைத்துத் திறந்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது நேரத்தில்தான். பப் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம், அடுப்பு அப்படியில்லை. பல இடங்களில் மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரையோடு சரி. மறுபடி மாலை ஆறு மணி வாக்கில்தான். நடுவில் போனால் பியரும் பாக்கெட் சிப்ஸும்தான். ஞாயிறு ரோஸ்ட்டுக்கு (அடுப்பில் சுட்ட இறைச்சியோடு வரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு) முன்பதிவு செய்யாமல் போகவே போகாதீர்கள். திங்கள், செவ்வாய் மூடிவிடும் பப்களும் உண்டு.

சாதாரண பப்பில் மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். பாருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, ஆர்டர் கொடுத்துப் பணத்தையும் கட்ட வேண்டும். பெயர்பெற்ற பப்களின் சாப்பாட்டு அறையில் மேசைக்கே வந்து கேட்பார்கள். எந்த முறை என்று நுழைந்ததும் கேட்டுவிடுங்கள். டிப்ஸ் பாரில் தேவையில்லை. மேசைக்கு வரும் பில்லில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி ரோஸ்ட் கேட்டதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. கூடவே வரும் யார்க்‌ஷயர் புட்டிங்கை (மாவும் முட்டையும் பாலும் கலந்து சுடுவது, இனிப்பு அல்ல) மாட்டுக் கொழுப்பில் சுடுவது பழைய வழக்கம். அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு வறுவலையும் அதிலேயே பொரிப்பதுண்டு. கிரேவியும் எல்லா ரோஸ்ட்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றித் தெரிவிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது; மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் எந்தக் கொழுப்பில் சமைக்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். சைவர்கள் முந்தைய நாளே போன் செய்துவிடுவது நல்லது.

பியர் சில்லென்று இல்லையே என்று சண்டை வேண்டாம். பீப்பாயிலிருந்தே ஊற்றித் தரும் கேஸ்க் ஏல் என்ற பியரை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் ஊற்றுவதுதான் முறை. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அதிகம் என்றால் பாதி கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் திரும்பும் வழி. பல கிராமங்களில் ராத்திரி பஸ் கிடையாது. குடித்துவிட்டு ஓட்டுவது வம்பு. டாக்ஸியை மேசையோடு சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள், கடைசி நேரத்தில் அந்த வட்டாரத்தில் கிடைக்காது.