தையல் ஸ்டூலுக்குப் பலகை தட்டாத குஷன்: நாமே செய்வது எப்படி?

தையல் மிஷின் முன்னால் கிடக்கும் ஸ்டூலில் தலையணையை மடித்துப் போட்டு உட்காரும் வீடுகள் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. தலையணை வழுக்கும், பின்பக்கம் பிதுங்கும், மதியத்துக்குள் இரண்டு முறை தரையில் கிடக்கும். ஒரு நாள் நானே குஷன் வைத்துத் தருகிறேன் என்று அம்மாவிடம் வாய் விட்டுவிட்டேன். பழைய சோபாவிலிருந்து உருவிய மெத்தென்ற ஃபோமை நான்கு இன்ச்சுக்கு அடுக்கி, மேலே ரெக்சினை இழுத்துப் பின் அடித்தேன். முதல் வாரம் சிம்மாசனம். இரண்டாம் மாதம் நடுவில் குழி. மூன்றாம் மாதம் அம்மா, "இதுக்கு வெறும் பலகையே தேவலைடா" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, பைக் சீட் தைக்கும் குஷன் கடை அண்ணனிடம் போனேன். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். "பலகை தட்டுது தம்பி." அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையில்தான் இந்த வேலையின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது.

நாம் உட்காரும்போது உடல் எடை இருக்கை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முட்டுகள் தட்டுப்படும். எடையில் பெரும்பங்கு அந்த இரண்டு இடத்தில்தான் இறங்குகிறது. ஃபோம் மெத்தென்று இருந்தால் அந்த முட்டுகள் அதைத் துளைத்துக்கொண்டு போய்ப் பலகையைத் தொட்டுவிடும். அப்புறம் நான்கு இன்ச் இருந்தாலும் ஒன்றுதான், அரை இன்ச் இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே கீழே தாங்குகிற அடுக்கு ஒன்று வேண்டும், மேலே உடம்பில் படுகிற அடுக்கு ஒன்று வேண்டும். இரண்டையும் ஒரே பொருளிடம் எதிர்பார்த்ததுதான் நான் செய்த தப்பு.

என்ன வாங்க வேண்டும்?

ஒரு அடிக்கு ஒரு அடி, அதாவது 30 செ.மீ. சதுர ஸ்டூலுக்கான கணக்கைச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடையில் பிளைவுட் மில்லிமீட்டரில், ஃபோம் இன்ச்சில், துணி மீட்டரில் என்று மூன்று பாஷை பேசுவார்கள். அதனால் இரண்டு பக்கமும் அளவுள்ள டேப் ஒன்று கையில் இருக்கட்டும்.

அடிப்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். அவற்றில் ஸ்டேப்ளர் பின் நாளடைவில் பிடிப்பை விட்டுவிடும். வீட்டுக்குள் கிடக்கும் ஸ்டூலுக்கு 303 என்ற ஐ.எஸ்.ஐ. தரம் போதும். தண்ணீர் புழங்கும் இடம் என்றால் 710 கேளுங்கள். மரக்கடையில் மிச்சத் துண்டு கேட்டாலே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

தாங்குகிற அடுக்குக்கு என் ஓட்டு ரப்பரைஸ்டு காயருக்கு. தேங்காய் நாரைச் சுருட்டி, ரப்பர் பால் தெளித்து, அழுத்திச் செய்த தகடு அது. மெத்தைக்குள் வைப்பார்கள். மெத்தைக் கடையில் ஒரு இன்ச் கனத்தில் வெட்டுத்துண்டாகக் கேளுங்கள். நார்களுக்கு நடுவே காற்று ஓடும், வியர்வை தேங்காது, அமுங்கினாலும் எழுந்துகொள்ளும். இலவம்பஞ்சு வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தலையணைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. ஸ்டூலுக்கு ஆகாது, ஒரே இடத்தில் எடை விழ விழக் கட்டி கட்டியாகத் திரண்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

உடம்பில் படும் அடுக்குக்கு ஒரு இன்ச் ஃபோம், 40 டென்சிட்டி. டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்ற கணக்கு. அது உழைப்பைச் சொல்லும், கடினத்தைச் சொல்லாது. ஒரே டென்சிட்டியில் மெதுவான ஃபோமும் உண்டு, கெட்டியானதும் உண்டு. விரலால் அழுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டென்சிட்டியைச் சோதிக்கச் சமையலறைத் தராசு போதும். ஒரு அடி சதுரம், ஒரு இன்ச் கனமுள்ள துண்டு 40 டென்சிட்டி என்றால் ஏறக்குறைய 95 கிராம் இருக்க வேண்டும். 32 என்றால் 75 கிராம். எடையைக் கூட்ட மாவு கலந்த ஃபோமும் சந்தையில் உண்டு. கசக்கினால் பொடி உதிர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர, மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு ஷீட், காடாத் துணி, மேல்துணி, மஞ்சள் நிற ரப்பர் பசை, ஸ்டேப்ளர் கன், 8 மி.மீ. பின், உப்புத்தாள்.

மேல்துணியில் ரெக்சின் துடைக்கச் சுலபம், ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் சேலையோடு ஒட்டிக்கொண்டு வரும். தையலுக்கு உட்காருபவருக்கு அழுத்தமான பருத்தித் துணியே நல்லது. ஜன்னல் திரைத் துணி அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். தொங்குவதற்கு நெய்த துணி அது, தேய்வதற்கு நெய்ததல்ல. பவானி ஜமுக்காளம் வைத்தும் ஒன்று செய்தேன். உழைப்பு அபாரம், மூலையை மடிக்கத்தான் விரல் நோகும். முதல் முறை செய்பவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

முதலில் ஸ்டூலைப் பாருங்கள்

குஷனுக்கு முன் கால்கள். ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக மரப்பசை போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு இரவு விடுங்கள்.

அடுத்தது உயரம். பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறார்கள். மிஷின் பலகைக்கும் இருக்கைக்கும் இடையே 25 முதல் 30 செ.மீ. இருந்தால் கையும் தோளும் இயல்பாக இருக்கும். நாம் சேர்க்கப்போவது பிளைவுட்டோடு 6 செ.மீ. சொச்சம், உட்கார்ந்ததும் அமுங்கி ஏறக்குறைய 5 செ.மீ. நிற்கும். இப்போதே இடைவெளி 27 என்றால் குஷன் வைத்தபின் 22 ஆகி, முழங்கால் மிஷினில் இடிக்கும். அப்படியானால் பழைய மேல்பலகையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் குஷனைப் பொருத்துங்கள், அல்லது நான்கு காலிலும் ஒரே அளவு அறுத்துவிடுங்கள். ஒரே அளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் அறுத்த ஒரு ஸ்டூல் இன்றும் காகித மடிப்பில்தான் நிற்கிறது.

பலகை

பிளைவுட்டை 30 செ.மீ. சதுரமாக அறுங்கள். மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, நான்கு மூலை எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். விரல் ஓட்டினால் எங்கும் உறுத்தக் கூடாது. கூரான விளிம்பு கத்தி மாதிரி; ஒவ்வொரு முறை உட்காரும்போதும் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும்.

நடுவில் 10 மி.மீ. துளைகள் ஐந்து போடுங்கள். ஃபோமுக்குள் இருக்கும் காற்று போய் வர வழி வேண்டும். துணிக்கு இது இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம், ரெக்சினுக்கு முடியாது. வழியில்லாத காற்று ரெக்சினை முட்டும், ஊதிய பலூன் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஸ்டூலின் மேல்பலகை மேலேயே குஷன் வரப்போகிறது என்றால் அந்தப் பலகையிலும் நேருக்கு நேர் துளை வேண்டும்.

அடிக்கடி கழற்றித் துணி மாற்றும் ஆசை இருந்தால், காயரை ஒட்டுவதற்கு முன்பே மேல்பக்கத்திலிருந்து நான்கு டி நட் (பலகையைப் பல்லால் கவ்விக்கொள்ளும் நட்டு) அடித்துவிடுங்கள். கீழிருந்து போல்ட் போட்டு இறுக்கலாம். இல்லையென்றால் சாதா ஸ்க்ரூ போதும்.

அடுக்குதல்

காயரைப் பலகையைவிடச் சிறிதாக, 28 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். சுற்றிலும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளியிருக்கும். ஃபோமைப் பெரிதாக, 34 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். ரொட்டி வெட்டும் பல் வைத்த கத்தி இதற்கு அருமையாகப் போகும். அழுத்தாமல் நீளமாக இழுத்து இழுத்து அறுக்க வேண்டும்; அழுத்தினால் வெட்டு உள்வளைந்துவிடும். ஃபோமின் அடிப்பக்க விளிம்பை நான்கு புறமும் சரிவாகச் சீவிவிடுங்கள். ஏன் இந்தப் பெரிசு சிறிசு என்றால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோம் கீழே மடங்கி நாரின் பக்கவாட்டை மூடும். விளிம்பு உருண்டையாக வரும். தொடையின் அடியில் வெட்டாது, நார் துணியைக் குத்தாது.

ரப்பர் பசையை ஒட்ட வேண்டிய இரண்டு முகத்திலும் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டக் கூடாது. பத்து நிமிடம் விட்டு, விரல் வைத்தால் பிசுபிசுப்பு மட்டும் தெரிந்து பசை கையோடு வராத பதத்தில் ஒட்டுங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. அதனால் ஒரு ஓரத்தை முதலில் பொருத்தி, பாய் விரிக்கிற மாதிரி மெல்ல இறக்குங்கள். இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் இடத்திலும் சாமி விளக்கின் பக்கத்திலும் செய்யாதீர்கள். மொட்டை மாடி உத்தமம்.

காடாத் துணி, அப்புறம் மேல்துணி

துணி அளவுக்கு ஒரு கணக்கு: பலகை 30, பக்கத்துக்குப் பலகை, காயர், ஃபோம் மூன்றின் கனமும் சேர்த்து 6.2, அதன்மேல் அடியில் மடித்து இழுக்கப் பக்கத்துக்கு 5. மொத்தம் 30 + 12.4 + 10 = 52.4. தாராளமாக 55 செ.மீ. வெட்டுங்கள். சோபாத் துணி பெரும்பாலும் 54 இன்ச் அகலத்தில் வரும். 60 செ.மீ. வாங்கினால் இரண்டு ஸ்டூலுக்கு ஆகும்.

முதலில் காடா. பலர் தேவையில்லாத வேலை என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஃபோமை அமுக்கி உருவம் கொடுப்பதே காடாதான். மேல்துணி அழகுக்கு மட்டும். துணியைத் தரையில் விரித்து, குஷனைக் கவிழ்த்து நடுவில் வையுங்கள். ஒரு பக்கத்தின் நட்டநடுவில் ஒரு பின். உடனே எதிர்ப்பக்கம் போய், இழுத்து ஒரு பின். பிறகு மற்ற இரண்டு பக்கம். நாடாக் கட்டில் பின்னும்போது எதிரெதிரே இழுத்துச் சமன் செய்வோமே, அதே முறை. ஒரே பக்கத்தை முழுக்க அடித்து முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனால் துணி கோணிக்கொள்ளும், எத்தனை இழுத்தாலும் சுருக்கம் போகாது.

நடுவிலிருந்து மூலையை நோக்கி இரண்டு விரற்கடைக்கு ஒரு பின்னாக, எதிரெதிரே மாற்றி மாற்றிப் போங்கள். மூலைக்கு 5 செ.மீ. முன்னால் நிறுத்திவிடுங்கள். பின் பலகையில் முழுதாக இறங்காமல் நின்றால் சுத்தியலால் ஒரு தட்டு. ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் திருப்பிப் பாருங்கள். அலை அலையாகப் பள்ளம் தெரிந்தால் பின் இருக்கும் இடத்தில் அதிகம் இழுத்துவிட்டீர்கள். பிடுங்கி மறுபடி அடியுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் முதல் ஸ்டூலில் அடித்ததைவிடப் பிடுங்கியது அதிகம்.

மூலைதான் பொறுமையைச் சோதிக்கும். துணியின் கூர்முனையை நேராகப் பலகையின் மையத்தை நோக்கி இழுத்து ஒரு பின் அடியுங்கள். இப்போது அதன் இரண்டு பக்கமும் காது மாதிரி துணி எழுந்து நிற்கும். ஒவ்வொரு காதையும் உள்பக்கமாக மடித்து, மடிப்புக் கோடு மூலையின் விளிம்போடு சேரும்படி இழுத்து அடியுங்கள். உள்ளே துணி குவிந்து மேடு கட்டினால் மறைவான பகுதியைக் கத்தரித்துவிடலாம், விளிம்புக்கு ஒரு செ.மீ. உள்ளே வரை மட்டும். வட்ட ஸ்டூலுக்கு மூலை இல்லை. அதற்குப் பதில் சுற்றிலும் சின்னச் சின்ன மடிப்பு வைக்க வேண்டும், எல்லாம் ஒரே திசையில்.

காடா முடிந்ததும் பஞ்சு ஷீட்டை மேலே போர்த்தி, அடிவிளிம்போடு நறுக்கிவிட்டு, அதே முறையில் மேல்துணி. இந்த முறை பலமாக இழுக்காதீர்கள், சுருக்கம் போகிற அளவுக்குப் போதும். கோடு போட்ட துணி என்றால் கோடு பலகை ஓரத்துக்கு இணையாக ஓடுகிறதா என்று நாலு பின்னுக்கு ஒரு தரம் பாருங்கள். ரெக்சின் என்றால் கால் மணி நேரம் வெயிலில் போட்டு எடுங்கள். இளகி, மூலையில் சொன்னபடி கேட்கும்.

பொருத்துதல்

ஸ்க்ரூ நீளத்தில் கவனம். ஸ்டூல் பலகை 18 மி.மீ. என்றால் 25 மி.மீ. ஸ்க்ரூ. 7 மி.மீ. பிளைவுட்டுக்குள் ஏறும். 32 மி.மீ. போட்டால் பிளைவுட்டைத் தாண்டி நாருக்குள் நுனி எட்டிப் பார்க்கும். எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் சட்டத்துக்குள் இறங்கி உட்காரும் இருக்கைக்கும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், பலகையைச் சட்டத்தின் உள்ளளவைவிடப் பக்கத்துக்கு 3 மி.மீ. குறைத்து அறுக்க வேண்டும். இரண்டு அடுக்குத் துணியும் மடிப்பும் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். சரியான அளவில் அறுத்துவிட்டால் கடைசியில் உள்ளே இறங்காது, அடித்து இறக்கினால் சட்டத்தின் மூட்டு விட்டுவிடும்.

மேல்துணி நைந்த அன்று அதன் பின்களை மட்டும் திருப்புளியால் நெம்பி எடுங்கள். காடாவைத் தொடாதீர்கள். அதன்மேலேயே புதுத் துணியைப் போர்த்தி அடித்தால் அரை மணி நேர வேலை. அம்மாவின் ஸ்டூலில் இப்போது இருப்பது மூன்றாவது துணி; உள்ளே அதே நார்.