போர் பற்றிய கருத்துக்கணிப்பை எப்படிப் படிப்பது?

"70 சதவீத மக்கள் போரை ஆதரிக்கிறார்கள்" என்று செய்தி வந்தால், முதலில் கேள்வியின் முழு வாசகத்தைத் தேடி எடுங்கள். கணிப்பு நடத்திய நிறுவனம் பெரும்பாலும் அதை வெளியிட்டிருக்கும். கிடைக்காவிட்டால் அந்த எண்ணை வைத்து வாதாட வேண்டாம்.

வாசகத்தில் நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். 2003 மார்ச்சில், ஈராக் படையெடுப்புக்குச் சில நாள் முன்பு, ஐ.நா. ஒப்புதலோடு போர் என்று கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ஆதரித்தார்கள். ஒப்புதல் இல்லாமல் என்றதும் ஆதரித்தவர்கள் அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான். எத்தனை வீரர்கள் சாவார்கள், எத்தனை ஆண்டு இழுக்கும் என்பதெல்லாம் கேள்வியில் இல்லையென்றால், ஒவ்வொருவரும் தாம் நினைத்த போருக்குத்தான் பதில் சொல்லியிருப்பார்கள்.

பதில் சொன்னவர்களுக்கு என்ன தெரியும் என்பதும் முக்கியம். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எடுத்த கணிப்பில் அமெரிக்கர்களில் 69 சதவீதம் பேர், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஈராக் அதிபராக இருந்த சதாம் உசேனுக்குப் பங்கு இருக்கலாம் என்றார்கள். அதற்கு ஆதாரமே இல்லை. தவறான தகவலில் எழுந்த ஆதரவை மக்கள் தீர்ப்பு என்று அரசு காட்டுவது கொடுமை.

அடுத்தது தேதி. நெருக்கடி வந்ததும் மக்கள் தலைவரின் பின்னால் திரள்வார்கள்: 2001 செப்டம்பர் தொடக்கத்தில் 51 சதவீதமாக இருந்த அமெரிக்க அதிபர் புஷ்ஷின் செல்வாக்கு, செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த இரண்டு வாரத்துக்குள் 90 ஆனது. ஆகவே தனி எண்ணை விட்டுவிட்டு, ஒரே கேள்வி பலமுறை கேட்கப்பட்ட வரிசையைப் பாருங்கள். வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்ற அமெரிக்கர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1968 ஆகஸ்டில் 53. அமெரிக்கப் படைகள் வெளியேறியதோ 1973-ல். மக்கள் மனம் மாறியதும் போர் நின்றுவிடும் என்று கணக்குப் போட முடியாது.

பிழை வரம்பு எளிது. 1,000 பேரிடம் கேட்டால் சுமார் 3 புள்ளி கூடலாம், குறையலாம். அவர்களில் 250 இளைஞர்களை மட்டும் பிரித்தால் 6. இரண்டு கணிப்புகளை ஒப்பிட்டால் இரண்டிலுமே பிழை இருக்கும்; எனவே 1,000 பேரிடம் எடுத்த இரண்டு கணிப்புகளுக்கிடையே 4 புள்ளி வரையிலான வித்தியாசத்தை மாற்றம் என்று எழுதாதீர்கள்.

இந்த வரம்பில் அடங்காத பிழையும் உண்டு: யாரிடம் கேட்கவே முடியவில்லை? உக்ரைனில் தொலைபேசிக் கணிப்புகள் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் இருப்பவர்களையும் வெளிநாடு போய்விட்டவர்களையும் பொதுவாக எட்டுவதில்லை. ரஷ்யாவில் ராணுவத்தை இழிவுபடுத்தினால் தண்டனை என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்தது. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும்போது எத்தனை பேர் மனம் திறப்பார்கள்? பதில் சொல்ல மறுத்தவர்களின் விகிதம் வெளியிடப்பட்டிருந்தால் அதையும் கட்டாயம் பாருங்கள்.

கடைசியில் எழுதும்போது தேதி, கேள்வி, கேட்ட முறை மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். "தெரியாது" என்றவர்களை எந்தப் பக்கத்திலும் கூட்டாதீர்கள்.