போர்டிங் பாஸைத் தாளில் வாங்குவது, வாசிப்பது, பத்திரப்படுத்துவது

கீழக்கரையில் எங்கள் தெருவில் யார் சபுர், அதாவது வெளிநாட்டுப் பயணம், கிளம்பினாலும், முதல் நாள் ராத்திரி பாஸ்போர்ட்டை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வெப் செக்-இன் போட என்னிடம்தான் வருவார்கள். போட்டுக் கொடுத்து, பாஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இதைக் காட்டினா போதும் லாத்தா" என்றால் அவர்கள் முகத்தில் நம்பிக்கையே வராது. "அந்த அட்டை எங்கே தம்பி?" என்பார்கள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது நானே எல்லாருக்கும் சொல்கிறேன்: ஃபோனில் ஒன்று இருக்கட்டும், ஆனால் கவுண்டரில் தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தாள் டிக்கெட் 2008 ஜூனிலேயே போய்விட்டது, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா சொல்லி நிறுவனங்கள் எல்லாம் இ-டிக்கெட்டுக்கு மாறிவிட்டன. போர்டிங் பாஸ் மட்டும் போகவில்லை. டிக்கெட் நமக்கும் கம்பெனிக்காரனுடைய கம்ப்யூட்டருக்கும் உள்ள கணக்கு, வேறு யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. பாஸ் அப்படியா? இமிகிரேஷனில் பார்ப்பார்கள், பாதுகாப்புச் சோதனையில் முத்திரை குத்தினாலும் குத்துவார்கள், டியூட்டி ஃப்ரீ கடையில் கேட்பார்கள், கேட்டில் ஸ்கேன் செய்வார்கள், விமான வாசலில் நிற்கிற பெண் இன்னொரு தரம் பார்ப்பார். ஒவ்வொரு இடத்திலும் ஃபோனைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, ஓடிப்போன படத்தைத் தேடி எடுப்பதற்குள் பின்னால் நிற்கிறவர் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருள் கோளாறில் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் நின்றபோது, நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தே ஆட்களை ஏற்றினார்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் விமானத் தளம், நமக்கு மதுரையை விட்டால் திருச்சிதான். மதுரைக்கே இரண்டரை மணி நேரமாவது ஆகும். வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் வரும், பரமக்குடி தாண்டும் வரை கொழும்பிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வீடியோ கால் வந்துகொண்டே இருக்கும், பிள்ளைகள் பின் சீட்டில் அதே ஃபோனில் கார்ட்டூன் பார்ப்பார்கள். விமான நிலைய வாசலில் இறங்கும்போது பேட்டரி எத்தனை சதவீதம் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எப்படி வாங்குவது? வெளிநாடு போகிறவர்கள் இதற்காகத் தனியாக அலைய வேண்டாம். பெட்டி போட எப்படியும் கவுண்டருக்குப் போகத்தான் வேண்டும். வெப் செக்-இன் முடித்தாலும் பல தடங்களில் பாஸ் வராது, கவுண்டரில் ஆவணங்களைக் காட்டச் சொல்லித்தான் வரும், விசாவை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டுமே. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் (எமிகிரேஷன் சோதனை தேவை) வகையாக இருக்கும், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால் அவர்களுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்கிற அரசு அனுமதி வேண்டும், அதையும் கையிலேயே வைத்திருங்கள். எல்லாம் பார்த்து முடித்ததும் "பிரிண்ட் போட்டுக் குடுங்க" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நம் நாட்டுக்குள் பறக்கும்போது யாராவது இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கவுண்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது.

எல்லா ஊரிலும் இப்படி நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துபாய் மூன்றாம் டெர்மினலில் எமிரேட்ஸ் 2023 மே 15 முதல் பெரும்பாலோருக்கு ஃபோனில்தான் பாஸ் தருகிறது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள், உதவி தேவைப்படுகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் தாள். ஐரோப்பாவில் ரயன்ஏர் 2025 நவம்பர் 12 முதல் தாளையே நிறுத்திவிட்டது. அந்தப் பக்கமிருந்து திரும்பும்போது பாஸை முன்கூட்டியே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆப் திறக்கும் நேரம் பார்த்துத்தான் வைஃபை கிடைக்காது.

தாள் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் படித்துப் பாருங்கள். பெயர் பாதியில் நின்றிருந்தால் பயப்பட வேண்டாம். பார்கோடுக்குள் பெயருக்கு 20 எழுத்துதான் இடம், செய்யது முகம்மது என்று தொடங்கி வாப்பா பெயரும் சேர்ந்து வருகிற நம் ஊர்ப் பெயர்கள் அதற்குள் எங்கே அடங்கும்? வெட்டுப்படுவது சகஜம். ஆனால் எழுத்தே மாறியிருந்தால், அல்லது வீட்டில் இன்னொருவருடைய பாஸ் உங்கள் கைக்கு வந்திருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், பெரிதாகப் போட்டிருக்கிற நேரம் எது என்று பாருங்கள். அது விமானம் கிளம்பும் நேரமா, ஏறத் தொடங்கும் நேரமா என்று தெரியாமல் டீ குடிக்கப் போனவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. எஸ்இக்யூ என்று போட்டு ஒரு எண் இருக்கும், நீங்கள் எத்தனையாவது ஆளாகச் செக்-இன் செய்தீர்கள் என்பது அது. அதைச் சீட் நம்பர் என்று நினைத்துப் போய் உட்காராதீர்கள்.

வழியில் மாறிப் போகிறவர்கள், உதாரணமாகக் கொழும்பு வழியாக, இரண்டு பாஸையும் மதுரையிலேயே கேளுங்கள். பெட்டியில் கட்டுகிற பட்டையில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று பாருங்கள், கொழும்போடு நின்றுவிட்டால் அங்கே இறங்கி நீங்கள்தான் பெட்டியைத் தேட வேண்டும். பெட்டிக்கு ஒன்றாக 10 இலக்க எண்ணோடு ஒரு சின்ன ஸ்டிக்கர் தருவார்கள், அதைப் பாஸின் பின்புறத்தில் ஒட்டிவிடுவார்கள். பெட்டி வரவில்லை என்றால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஃபோனில் பாஸ் வைத்திருக்கிறவர்கள் இந்த ஸ்டிக்கரை எதில் ஒட்டுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுத் தொலைக்கிறார்கள்.

இனிப் பத்திரப்படுத்துவது. அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு அதில் இருக்கிறது, மிஷின் சூட்டாலேயே எழுதுகிறது. எங்கள் மாமா இதை அறியாமல், மகன் முதல் தடவை விமானம் ஏறிய பாஸை ஞாபகத்துக்கு வைக்கலாம் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தார். உள்ளே போனது வெள்ளைத் தாள், வெளியே வந்தது தோசைக்கல் மாதிரி முழுக் கறுப்பு. கடைக்காரரைப் பிடித்துத் திட்டினார், அவர் என்ன செய்வார் பாவம். அதனால் லேமினேஷன் வேண்டாம், வெயிலில் நிற்கிற வண்டியின் டேஷ்போர்டிலும் வைக்க வேண்டாம். சானிடைசர் பட்டால் அந்த இடம் கறுக்கும். எண்ணெய் பட்டால் நேர்மாறாக எழுத்து மங்கிப் போகும், ஆகவே நம் ஊர் இனிப்பான தொதல் பொட்டலம் இருக்கிற கைப்பையில் இதைச் செருகாதீர்கள், தொதல் எவ்வளவு எண்ணெய் விடும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறையில் நாள்பட வைத்தாலும் மங்கும். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தில் வைத்து மூடுங்கள், போதும். ஆபீஸில் பயணச் செலவு கேட்க வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் தாள்தான் இருக்கும்.

ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம், ஸ்டேட்டஸில் மட்டும் போடாதீர்கள். பெயரும் பிஎன்ஆர் என்கிற ஆறெழுத்துக் குறியும் தெரிந்தால் யாரும் உங்கள் முன்பதிவைத் திறந்து பார்க்கலாம், பல நிறுவனங்களில் மாற்றவும் செய்யலாம். பெயரை மறைத்துவிட்டேன் என்பார்கள், பார்கோடுக்குள் அது அப்படியே இருக்கும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020-ல் தன் பாஸைப் படம் பிடித்துப் போட்டார், அதை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண்ணையும் ஃபோன் எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். இறங்கும்போது சீட்டுப் பையில் விட்டுவிட்டும் வராதீர்கள். பெட்டி கைக்கு வரும் வரை வைத்திருந்து, வேறு தேவையில்லை என்றால் பார்கோடு நடுவே இரண்டு மூன்றாகக் கிழித்துப் போடுங்கள்.