சீழ் கோத்த புண்: மாத்திரை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

ரப்பர் வெட்டும் கத்தி கையைக் கிழித்தாலும், குளச்சல் கடற்கரையில் மீன் முள் ஏறினாலும் முதல் மருந்து தண்ணீர்தான். குழாயைத் திறந்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள். சோப்பு புண்ணைச் சுற்றி மட்டும் போதும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். அந்தத் தூள் உள்ளே தங்கி கிருமிக்கு இடம் கொடுக்கும். சுத்தமான காஸ் வைத்துக் கட்டி, தினமும், நனைந்தால் உடனேயும் மாற்றுங்கள். அழுக்கான காயம் என்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். கடல்நீர் பட்ட காயம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கடல்நீரில் வாழும் சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே சதையை அழிக்கும். அவற்றுக்கான மருந்தும் வேறு.

புண் சிவந்து, சூடாகி, வீங்கினால் சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் காத்திருக்காதீர்கள். "ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று விடப்படும் கட்டிகளில் பல, தோலில் வாழும் ஸ்டாஃப் (ஸ்டெஃபைலோகாக்கஸ்) என்ற கிருமியால் வருபவை. கட்டியைப் பிதுக்கவே கூடாது, மூக்கு, மேலுதட்டுப் பக்கம் வந்ததைக் கட்டாயம் தொடக்கூடாது.

எம்ஆர்எஸ்ஏ என்பது மருந்தை எதிர்க்கும் ஸ்டாஃப். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் 1959-இல் வந்தது. அதற்கு அடங்காத கிருமி சில ஆண்டுகளுக்குள்ளேயே இங்கிலாந்தில் தென்பட்டது. தன் சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றிக்கொள்வதால், அமாக்சிசிலினும் கிளாக்சசிலினும் செஃபலெக்சினும் அதில் ஒட்டுவதில்லை. அளவைக் கூட்டினாலும் பயனில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை மூன்று நாள் விழுங்கிப் பார்ப்பதால் போவது அந்த மூன்று நாளும்தான். அதற்குள் சீழ் ஆழமாகப் போயிருக்கும்.

கட்டியாகச் சீழ் திரண்டிருந்தால் முக்கியச் சிகிச்சை கீறி வடிப்பதுதான். சீழ்ப்பைக்குள் மாத்திரை சரியாக எட்டாது. கீறும்போதே "கல்ச்சருக்கு அனுப்புங்க டாக்டர்" என்று கேளுங்கள். சீழில் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை அது. முடிந்தவரை முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போகும் முன் மாதிரி எடுக்க வேண்டும். மேலே வடிவதைப் பஞ்சால் ஒற்றினால் தோலில் இயல்பாக இருக்கும் கிருமிதான் வளரும். சலைனால் கழுவியபின் உள்ளிருந்து எடுப்பதே சரி. முடிவு வர 2, 3 நாள் ஆகும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சோதனை வசதி இருக்கும்.

ஸ்டாஃப் ஆரியஸ் வளர்ந்த ரிப்போர்ட்டில் செஃபாக்சிட்டின் என்ற மருந்துக்கு எதிரே 'ரெசிஸ்டன்ட்' (மருந்துக்கு அடங்காது) என்று இருந்தால் அது எம்ஆர்எஸ்ஏ. எரித்ரோமைசின் ரெசிஸ்டன்ட், கிளின்டாமைசின் சென்சிட்டிவ் (மருந்துக்கு அடங்கும்) என்று இருந்தால், கிளின்டாமைசினுக்கு மறைந்திருக்கும் எதிர்ப்பைக் காட்டும் 'டி டெஸ்ட்' செய்தார்களா என்று கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால் கிளின்டாமைசின் பாதியில் கைவிடக்கூடும். மருந்தை மருத்துவர்தான் தேர்வு செய்வார். புண் ஆறியதாகத் தெரிந்தாலும் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

வீட்டில் புண் உள்ளவருக்குத் தனித் துண்டு, தனி பிளேடு. கட்டு மாற்றும் முன்னும் பின்னும் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழைய கட்டை உறையில் போட்டு முடிச்சிடுங்கள். துணிகளைச் சுடுநீரில் அலசி நன்றாக உலர்த்துங்கள். மழைக்காலத்து ஈரத் துண்டைப் பகிர்வது ஆபத்து.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, சிவப்புக் கோடு ஓடுதல், வேகமான மூச்சு, பேச்சில் தடுமாற்றம்: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்குக் காலில் சிறு சீழ் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.