உறை அரை அங்குலம் சிறியதாக இருக்கட்டும்

எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டுத் தேக்கு சோபாவுக்கு என்னைவிட வயது அதிகம். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மெத்தைதான் குழி விழுந்து, எழுந்திருக்க ஒருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. சென்ற மாசியில் நானே பிரித்துத் தைத்தேன்.

பழைய உறையைக் கிழித்து எறியாதீர்கள். பிளேடு முனையால் மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்தால் நூல் கழன்றுவரும். வடிவத்துக்கு மட்டும் அந்தத் துண்டுகளை நம்புங்கள். தொய்ந்த துணி அளவில் பொய் சொல்லும். அளவை மரச்சட்டத்தில் எடுங்கள்.

ரெக்சின் வேண்டாம். சித்திரை வெயிலில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். கனமான பருத்தித் துணி போதும். அதை இரவு முழுவதும் ஊறவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். நான் சோம்பல்பட்டு அப்படியே வெட்டினேன். முதல் சலவையிலேயே உறை சுருங்கி, மெத்தை உள்ளே போக மறுத்தது. இரண்டாவது முறை துணி வாங்கினேன்.

ஃபோம் நான்கு அங்குலக் கனம், 40 டென்சிட்டி. முழங்கையை ஊன்றினால் அடிப்பலகை தட்டக் கூடாது.

இனிதான் சூட்சுமம். உறை ஃபோமைவிட அரை அங்குலம் சிறியதாக இருந்தால்தான் சுருக்கம் விழாது. ஃபோம் 20 அங்குலம் என்றால் தைத்த உறை 19½. இருபுறத் தையலுக்கும் அரை அரை சேர்த்து 20½ அங்குலத்தில் வெட்டுங்கள். மெத்தையின் பக்கவாட்டைச் சுற்றிவரும் பட்டியின் அகலம், இருபுறத் தையலுக்கும் சேர்த்து, 5 அங்குலம். ஜிப்பைப் பின்பக்கத்தோடு நிறுத்தாமல் இருபக்கமும் இரண்டு அங்குலம் திருப்பித் தையுங்கள், வாய் அகலமாகத் திறக்கும். ஊசி 16ஆம் எண்.

ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரண்டாக மடித்து நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு தாளை உருவிவிடுங்கள். மூலைகள் சப்பையாக நின்றால் ஒரு பிடி இலவம் பஞ்சைத் திணிக்கலாம். ஆச்சி முழு மெத்தைக்கும் இலவம்தான் அடைப்பாள், சன்னலைச் சாத்திவிட்டு, மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு. ஆனால் தினமும் உட்காரும் இடத்தில் அது அமுங்கிவிடும். துவைக்கவும் முடியாது, வெயிலில்தான் போட வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். துணியும் காயாது, பஞ்சும் கட்டிதட்டும்.

மதினி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதே" என்றார்கள். பத்து நாளில் இளகிவிட்டது. இப்போது அவர்கள் வீட்டு ஊஞ்சல் மெத்தை என் தையல் மிஷின் பக்கத்தில் கிடக்கிறது.