சயின்டாலஜிப் படிகளில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்: நீங்களே எண்ணிப் பார்க்கும் முறை

சயின்டாலஜி என்ற சமய அமைப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. உறவினர் ஒருவர் அந்த வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறார், 'ஆயிரக்கணக்கானோர் மேல்படிகளுக்குப் போய்விட்டார்கள்' என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றால், வீட்டில் விவாதம் தொடங்குவதற்கு முன் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்கு உதவாது. அதில் சிறிய சமயங்கள் எல்லாம் 'பிற சமயங்கள்' என்ற ஒரே கட்டத்துக்குள் போய்விடுகின்றன. 2020 கணக்கெடுப்பில் அந்தக் கட்டம் முழுவதுமே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. தனியாகக் கணக்கெடுத்த நாடுகளைப் பார்த்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-ல் 2,418 பேர், ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டில் 2,163 பேர் தங்களைச் சயின்டாலஜி சமயத்தவராகப் பதிந்தார்கள். அமைப்போ உலகம் முழுவதும் தன் உறுப்பினர்களை மில்லியன் கணக்கில் சொல்கிறது. இந்தக் கணக்குகளால் 'எத்தனை பேர் இருக்கிறார்கள்' என்பது ஓரளவு தெரியும், 'எத்தனை பேர் ஏறினார்கள்' என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள அமைப்பின் சொந்த இதழ்களே வழி. ஒரு படியை முடித்தவர்களின் பெயர்களை அவை பட்டியலாக அச்சிடும். ஃபிளாரிடாவின் கிளியர்வாட்டரில் உள்ள 'ஃபிளாக்' தலைமையிடத்துக்கு 'சோர்ஸ்', மேல்நிலை மையங்களுக்கு 'அட்வான்ஸ்', செயின்ட் ஹில் என்ற பயிற்சி மையங்களுக்கு 'ஆடிட்டர்' என இடத்துக்கு ஓர் இதழ் உண்டு.

முதலில் எந்தப் படி எங்கே நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் பிழைகளில் பாதி இது தெரியாததால் வருவதுதான். தொடக்கப் படிகளான கிரேடு 0 முதல் 4 வரையும், அவற்றுக்கு மேலுள்ள 'கிளியர்' நிலையும் உள்ளூர் மையங்களிலேயே கிடைக்கும். கிளியருக்கு மேலே வருபவை 'ஓ.டி.' (ஆபரேட்டிங் தீட்டன்) படிகள். ஓ.டி. 1 முதல் 5 வரை மேல்நிலை மையங்களில் நடக்கும். சிங்கப்பூரிலிருந்து போகிறவருக்கு அருகில் இருப்பது சிட்னி. ஓ.டி. 6, 7 ஃபிளாக்கில் மட்டும். ஓ.டி. 8 அமைப்பின் 'ஃப்ரீவிண்ட்ஸ்' கப்பலில் மட்டும், அதுவும் 1988 முதல்தான். ஓ.டி. 9, 10 என்று பேச்சு இருந்தாலும் வெளியிடப்படவில்லை. யாராவது அந்த எண்களைச் சொன்னால் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எக்செல் தாளில் வரிசைக்கு ஒரு பெயர், ஒரு படி. அச்சில் உள்ளபடியே பெயர், நீங்கள் சீராக்கிய பெயர், படி, இதழ், இதழ் எண், பக்கம், ஆண்டு என ஏழு பத்திகள் போதும். அச்சுப் பெயரை ஒருபோதும் திருத்தி எழுதாதீர்கள். சீராக்கியதில் தவறு தெரிந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி. பக்கத்தை ஸ்கேன் செய்து மென்பொருளைப் படிக்கவிட்டால், பொடி எழுத்தில் பல பத்திகளாக அடுக்கிய பட்டியலை அது குறுக்காக வாசித்து, ஒருவரின் பெயரை வேறொருவரின் படியோடு ஒட்டிவிடும். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள். முடித்தபின் இருபதில் ஒரு பக்கத்தை இன்னொருவர் முதலிலிருந்து தட்டச்சு செய்து ஒப்பிடட்டும்.

அடுத்தது, ஒரே ஆளுக்குரிய பெயர்களை ஒன்றாக்குவது. அதிக நேரம் விழுங்குவது இதுதான், அவசரப்பட்டால் கெடுவதும் இதில்தான். ஒரே ஆள் பல படிகளுக்காகப் பலமுறை வருவார். ஒரே படிக்காக இரண்டு இதழ்களிலும் வரக்கூடும். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறியிருக்கும். நம் பகுதிப் பெயர்களில் சிக்கல் இன்னும் அதிகம். தமிழருக்கு முன்னெழுத்து ஒரு இதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால். 'எஸ்/ஓ' இருந்தால் தந்தை பெயரே குடும்பப் பெயராக அச்சாகும். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலிலும் வரும், கடைசியிலும் வரும். தைவானிலிருந்து வரும் பெயர்களுக்கு எழுத்துக்கூட்டலே ஆளுக்கு ஆள் வேறு. சந்தேகமான இணைகளை ஒன்றாக்காமல் தனி நிறம் கொடுத்து வையுங்கள். கடைசியில் இரண்டு கணக்குப் போடுங்கள்: சந்தேகமான இணைகள் எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் எத்தனை பேர், எதையும் ஒன்றாக்காவிட்டால் எத்தனை பேர். உண்மை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

எண்கள் ஒன்றுபோலிருந்தாலும் படிகள் ஒன்றல்ல. 1978-ல் 'நாட்ஸ்' என்ற புதிய பாடத்தொகுப்பு வந்தபின் பழைய ஓ.டி. 4 முதல் 7 வரை விலக்கப்பட்டு, வேறு உள்ளடக்கம் அதே எண்களைப் பெற்றது. பழைய 7 முடித்தவரைப் புதிய 7-ல் எண்ணினால் மேல்படி வீங்கிவிடும். அதே 1978-ல் கிளியர் என்பதன் வரையறையும் தளர்ந்தது. அதற்கு முன் தனிப் பாடத்திட்டம் வழியாகப் போக வேண்டியிருந்ததை டயனடிக்ஸ் என்ற கீழ்ப்படி முறையின் ஆடிட்டிங்கிலேயே (ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் அமர்வு) அடையலாம் என்றார்கள். 2013 நவம்பரில் பயிற்சி முறைகள் புதுப்பிக்கப்பட்டபின் பலரைக் கீழ்ப்படிகளைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள் என்று வெளியேறியவர்கள் கூறுகிறார்கள். ஆகவே ஒரு பெயர் ஒரு படியில் முதலில் வந்த ஆண்டை மட்டும் எடுங்கள், மறுமுறையை எண்ணாதீர்கள்.

இனி விகிதம். கிளியர் இத்தனை, ஓ.டி. 8 இத்தனை என்று இரண்டு மொத்தங்களை வகுத்தால் தவறான விடைதான் வரும். கிளியர் பல நகரங்களில் நடக்கிறது. அங்குள்ள சிறு இதழ்கள் உங்கள் கைக்கு வராது. ஓ.டி. 7 முடித்தவர்களோ ஒரே இடத்து இதழில் வருகிறார்கள். ஆகவே கீழே விடுபடுவது அதிகம், மேலே குறைவு. இந்தக் கோணல் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது, ஏறுகிறவர்களின் பங்கை உண்மையைவிடப் பெரிதாகவே காட்டுகிறது. எனவே உங்களுக்குக் கிடைக்கும் விகிதத்தை உச்சவரம்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரியான வழி ஆட்களைப் பின்தொடர்வது. உதாரணத்துக்கு ஓர் ஆண்டில் ஓ.டி. 5 பட்டியலில் 100 பெயர் இருந்தால், அந்த 100 பேரை மட்டும் அடுத்த பத்து ஆண்டு இதழ்களில் தேடுங்கள். எத்தனை பேர் 6-க்கு, எத்தனை பேர் 7-க்கு வந்தார்கள் என்று எழுதுங்கள். ஓ.டி. 7 என்பது வீட்டில் தானே இ-மீட்டர் என்ற ஆடிட்டிங் கருவியைப் பிடித்து, நாள்தோறும் தனக்குத்தானே ஆடிட்டிங் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபிளாக்குக்குப் போய்ச் சோதனைக்கு உட்படும் நிலை. பல ஆண்டுகள் எடுக்கும். மூன்று ஆண்டுக்கு முன் 6 முடித்தவரை 'நின்றுவிட்டார்' என்று எழுதுவது அநியாயம். பத்து ஆண்டு அவகாசம் கிடைக்காத பெயர்களைத் தனியாக வையுங்கள். 6-க்கும் 7-க்கும் நடுவே காணாமல் போகிறவர்கள்தான் இந்தக் கணக்கின் உயிர்: விமானச் செலவு, விடுப்பு, பன்னிரண்டரை மணி நேரக் கட்டாக விற்கப்படும் ஆடிட்டிங் கட்டணம் எல்லாம் குவிவது அந்த இடத்தில்தான்.

கிடைக்காத இதழ்களைச் சராசரியால் நிரப்பாதீர்கள். எந்த எண்கள் இல்லை என்பதைப் பட்டியலின் தலையிலேயே எழுதுங்கள். பெயர் ஒருமுறைதான் வந்தது என்பதற்காக ஒருவர் விலகினார் என்று முடிவு கட்டாதீர்கள். அவர் ஊழியராக, மற்றவருக்கு ஆடிட்டிங் செய்யக் கற்கும் பயிற்சிப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கலாம். அந்தப் பக்கத்துக்குத் தனிப் பட்டியல் வேண்டும்.

முடிவைக் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ காட்டும்போது பெயர்களை நீக்கி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துக் காட்டுங்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் நம்பிக்கையை மறைக்கவில்லை என்றாலும், சிங்கப்பூர் போன்ற சின்ன ஊரில் ஒரு பெயர் வேலையிடத்துக்கும் அண்டை வீட்டுக்கும் உடனே போய்ச் சேரும். உங்களுக்குத் தேவை எண்ணிக்கை மட்டும்தான்.