பேலன்ஸ் சரியாக இருந்தும் நடுங்கிய ஸ்டீயரிங்

என் பழைய பிக்கப்பில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். 95 தாண்டினால் குறைந்துவிடும். கூடவே சீட்டுக்கு அடியில் ஓர் அதிர்வு, கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது ‘டக்’ என்று சத்தம். எல்லாம் ஒரே கோளாறு என்று நினைத்ததில்தான் நாலு நாள் வீணானது.

வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது) இரண்டு தடவை பார்த்தேன், மெஷின் பூஜ்யம் காட்டியது. சக்கரங்களின் கோணம் (அலைன்மென்ட்), முன்சக்கரத்தோடு இணையும் டை ராட், பால் ஜாயின்ட் எதிலும் குறை இல்லை.

சரி என்று, ஆளில்லாத நேர்ச்சாலையில் அதே வேகத்தில் நியூட்ரலில் உருளவிட்டேன். நடுக்கம் அப்படியே இருந்தது. ஆக, எஞ்சின் காரணமில்லை.

முன்சக்கரத்தைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது: சக்கரம் மாட்டப்படும் ஹப்பின் முகத்தில், நடு வளையத்தை ஒட்டி, துரு ஏடு ஏடாகப் படிந்திருந்தது. அதன்மேல் உட்காரும் ரிம் மயிரிழை சாய்கிறது. பேலன்ஸ் மெஷினில் சக்கரம் மட்டும்தானே சுற்றுகிறது, ஹப்பின் துரு அதற்கு எப்படித் தெரியும்? கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டுகளை எதிரெதிராக முறுக்கினேன். ஸ்டீயரிங் அடங்கிவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

சீட் அதிர்வு மட்டும் நிற்கவில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் பின்பக்க யுனிவர்சல் ஜாயின்ட்டில் (வளைந்து கொடுக்கும் இணைப்பு), சீல் ஓரமாகச் செங்காவி நிறத்தில் பொடி. கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபட்ட தூள் அது. கையால் அசைத்தபோது ஆட்டம் தெரியாததால் முதலில் விட்டுவிட்டேன். கழற்றுமுன் ஷாஃப்டிலும் அது பொருந்தும் ஃபிளாஞ்சிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டேன். இடம் மாறி மாட்டினால் புதிதாக அதிர்வு வரலாம். ஜாயின்ட்டை மாற்றியதும் ‘டக்’ சத்தமும் சேர்ந்தே நின்றது.